ஐந்து கட்டமும் இருக்கிறது, ஆனாலும் கதை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. என் கதையில் உச்சம் எது?

நீலமை:

வணக்கம். ஒன்றரை வருடமாகச் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். நான் போன ஒரு பயிற்சி வகுப்பில் முக்கோணம் ஒன்றை வரைந்து அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று ஐந்து கட்டங்களைக் குறித்துக் காட்டினார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கதையை எழுதினேன். ஆனால் படித்த மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள்.

கதை இது. ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். பதினெட்டு வருட அனுபவம். ஒவ்வொரு குழந்தையும் "டாட்டா மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கும். ஒரு நாள் காலை, குழந்தைகள் இறங்குகிற நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வருகிறது. பேசிக்கொண்டே இறக்கிவிட்டு, வேனை வழக்கமான இடத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். கடைசி இருக்கையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கை கழுவும்போது அவருக்கு உறைக்கிறது: எப்போதும் கடைசியாக இறங்கிக் கடைசியாக டாட்டா சொல்லும் அந்தக் குரல் இன்று கேட்கவே இல்லை. ஓடுகிறார். கதவைத் திறக்கிறார். குழந்தை நன்றாக இருக்கிறாள். இருக்கைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் ஜெயிச்சுட்டேன் மாமா, நீங்க கண்டுபிடிக்கவே இல்ல" என்கிறாள். அவர் அவளை அணைத்துக்கொண்டு அழுகிறார். பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார். சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுகிறார். அன்றிலிருந்து கடைசி இருக்கை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேனைப் பூட்டுகிறார்.

மொத்தம் பதினொரு பக்கம். முதல் நான்கு பக்கம் அவருடைய குடும்பம், வேன், குழந்தைகள். கதவு திறப்பது எட்டாம் பக்கத்தில். "கதவு திறந்ததும் அப்பாடா என்று ஆகிவிட்டது, அப்புறம் படிக்கத் தோன்றவில்லை" என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள்.

கதவு திறப்பதுதானே உச்சம்? அதை இன்னும் பெரிதாக்க வேண்டுமா? இல்லை, அதற்குப் பிறகு வரும் மூன்று பக்கத்தையும் வெட்டிவிடலாமா?


ஓரக்குறிப்பு:

முதலில் அந்த முக்கோணத்தைப் பற்றி. அது குஸ்டாவ் பிரைடாக் என்ற ஜெர்மானியர் 1863-இல் நாடகக் கலையின் நுட்பங்களைப் பற்றி வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. சோபக்ளிஸ், ஷேக்ஸ்பியர், ஷில்லர் போன்றவர்களின் நாடகங்களை வைத்து எழுதினார். அவர் மனதில் இருந்தது ஐந்து அங்கத் துன்பியல் நாடகம். சிறுகதை இல்லை. அதனால்தான் நீங்கள் "முடிவு" என்று குறித்திருக்கும் கடைசிக் கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் பேரழிவு. உச்சமும் அவர் கணக்கில் நாடகத்தின் நடுப்பகுதியில் வரும். நாயகனின் கை ஓங்குவது அதுவரை, அதற்குப் பிறகு காரியங்கள் அவனுக்கு எதிராகத் திரும்பும். இப்போது பாடங்களில் அந்த உச்சியை வலப்பக்கம் தள்ளி வரைகிறார்கள், பெயர்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு. குழப்பம் பாதி அங்கிருந்து வருகிறது.

ஐந்து பகுதிகளோடு அவர் மூன்று கணங்களையும் சொல்கிறார். கதையைக் கிளப்பிவிடும் கணம் ஒன்று. உச்சத்தை ஒட்டிக் காரியம் திரும்பும் கணம் ஒன்று. பேரழிவுக்குச் சற்று முன்னால், "ஒருவேளை தப்பித்துவிடுவானோ" என்று கொஞ்ச நேரம் நம்பவைக்கும் கடைசிப் பதற்றத்தின் கணம் ஒன்று. இந்த மூன்றாவதை வகுப்புகளில் யாரும் சொல்வதே இல்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பயன்பட்டிருக்கிறது.

உங்கள் கதையில் கிளப்பிவிடும் கணம் போன் வருவது. அது எந்தப் பக்கத்தில் வருகிறது? ஐந்தாம் பக்கத்தில் என்றால், பதினொரு பக்கக் கதைக்கு அது ரொம்பத் தாமதம்.


வாசிப்புக்குரல்:

நீலமை, உங்கள் கதைச் சுருக்கத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். என் தொழில் அது. பதினான்கு வருடமாக ஒலிநூல்களுக்கு வாசிக்கிறேன். எந்தக் கதை கையில் வந்தாலும் ஒலிப்பதிவுக்கு முன்னால் மூன்று தடவை படிப்பேன். முதல் தடவை சும்மா வாசகியாக. இரண்டாவது தடவை பென்சிலோடு. மூன்றாவது தடவை சத்தமாக. இரண்டாவது தடவையில் ஓரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் குறிப்பேன்: எந்த வரிக்குப் பிறகு இந்த ஆள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது? அந்த வரிக்கு நேராக ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

நான் வாசிக்க ஆரம்பித்த முதல் வருடம். சொத்துப் பிரிக்கும் இரண்டு சகோதரர்கள் பற்றிய ஒரு கதை வந்தது. நடுவில் பெரிய சண்டை. அண்ணன் கண்ணாடித் தம்ளரைச் சுவரில் எறிவான். சத்தம், கண்ணாடித் துண்டு, அழுகை எல்லாம் உண்டு. அதுதான் உச்சம் என்று நினைத்து, தொண்டையில் இருந்த பலத்தையெல்லாம் அங்கே கொட்டி வாசித்தேன். அதற்குப் பிறகு ஐந்து பக்கம் தள்ளி ஒரு காட்சி. பத்திரம் மேஜையில் இருக்கிறது. தம்பி பேனாவைத் திறக்கிறான். "தேதி இன்னிக்குப் போடணுமா?" என்று கேட்கிறான். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "ம்" என்கிறான். தம்பி கையெழுத்துப் போடுகிறான். வாசித்து முடித்து நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்தவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

கதை முடிந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஏனென்றால் சண்டைக்கே நான் கதையை முடித்துவிட்டேன். சண்டை எத்தனை பெரிதாக இருந்தாலும் அடுத்த நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட பிறகு அது முடியாது. அந்தக் கதையின் உச்சம் "தேதி இன்னிக்குப் போடணுமா" என்ற வரி. கேட்கும்போதே தம்பிக்குத் தெரியும், அண்ணன் "வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று சொல்லமாட்டானா என்று அவன் தேடுகிறான். முழுவதையும் மறுபடி பதிவு செய்தோம். இரண்டாவது முறை சண்டையை வேகமாக, மூச்சு இறுக்கிப் பிடித்து வாசித்தேன். அந்தத் தேதி வரியை மெதுவாக, மைக்குக்குப் பக்கத்தில் வந்து வாசித்தேன்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். கதவு திறப்பது பெரிய சம்பவம்தான். ஆனால் அதில் அந்த ஓட்டுநர் எதையும் தீர்மானிக்கவில்லை. குழந்தை நன்றாக இருப்பது அவருக்குக் கிடைத்தது, அவர் செய்தது இல்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் வாசகருக்கு "அப்பாடா" என்று ஆகிவிடுகிறது. அந்தக் கேள்வி முடிந்த அதே நொடியில் வேறு கேள்வி ஒன்று பிறந்திருக்க வேண்டும். உங்கள் கதையில் அது பிறந்தும் இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் போய்விட்டீர்கள்.

"சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுகிறார்" என்று ஒரே வரியில் தாண்டியிருக்கிறீர்கள் பாருங்கள். அந்த வரியில்தான் உங்கள் கதை கடைசி இருக்கையில் தூங்குகிறது.

நடந்தது யாருக்குத் தெரியும்? அவருக்கு மட்டும். குழந்தையைப் பொறுத்தவரை அது ஒரு விளையாட்டு, அதில் அவள் ஜெயித்துவிட்டாள். அவர் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் எதுவும் மாறாது. வேலை இருக்கும், பதினெட்டு வருடப் பெயர் இருக்கும். சாயங்காலம் அந்த அம்மா கதவைத் திறக்கிறாள். தினமும் கேட்பதைக் கேட்கிறாள்: "இன்னிக்கு சமத்தா இருந்தாளா?" அவர் தலையை ஆட்டினால் ஒரு கதை. சொல்லிவிட்டால் இன்னொரு கதை. எதைச் செய்தாலும் அதற்குப் பிறகு அவர் காலையில் இருந்த ஆள் இல்லை. என் பென்சில் கோடு அங்கேதான் விழும்.

எனவே மூன்று பக்கத்தை வெட்டாதீர்கள். கதவு திறப்பதை எட்டாம் பக்கத்திலிருந்து நான்காம் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அறிமுகத்தில் அவருடைய மனைவி, மகன், கடன் எல்லாம் எனக்கு வேண்டாம். டாட்டா போதும். ஒவ்வொரு குழந்தையும் அதை எப்படிச் சொல்லும் என்று காட்டுங்கள். ஒருத்தன் கத்துவான், ஒருத்தி வாய்க்குள்ளேயே சொல்வாள், ஒருத்தி கடைசிப் படியிலிருந்து குதித்துவிட்டுச் சொல்வாள். அந்தக் குரல்கள் எனக்குப் பழகினால்தான், ஒன்று கேட்காமல் போகும்போது எனக்கும் உறைக்கும். அறிமுகம் என்பது ஆளைப் பற்றிய தகவல் இல்லை. பின்னால் எது இல்லாமல் போகப்போகிறதோ அதை வாசகரின் காதில் முதலிலேயே போட்டுவைப்பது.


நீலமை:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த அம்மா என் கதையில் ஒரு வரிதான் வருகிறாள், அவளுக்குப் பேச்சே கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் அக்கா. கதவு திறப்பது நான்காம் பக்கத்துக்குப் போய்விட்டால் ஏற்றம் எங்கே? ஓடுகிற காட்சிதான் ஏற்றம் என்று நினைத்திருந்தேன். காலை பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் வரை அவர் சும்மாதானே இருக்கிறார்? அந்த நேரத்தில் டென்ஷன் எங்கிருந்து வரும்?


உரைவிரும்பி:

நான் பழைய உரைகள் படிப்பவன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாடகச் சந்தி, அதாவது கதை வளரும் கட்டம், ஐந்து என்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்தையும் ஒரு பயிராக விளக்குகிறார். உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொண்டு உள்ளே பொருள் பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் விரிந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். இறக்கம் என்றால் சரிந்து வந்து நிற்பது போலத் தோன்றும். துய்த்தல் என்று சொல்லும்போது அதில் எத்தனை வேலை இருக்கிறது! உச்சத்துக்குப் பிறகு ஆட்கள் சும்மா இருந்தால் அது துய்த்தல் இல்லை.

நாட்டிய சாஸ்திரத்திலும் இதே ஐந்துதான், கடைசி இரண்டின் பெயர் மட்டும் விமர்சம், நிர்வகணம். அங்கே கருப்பத்துக்குச் சொல்லும் இலக்கணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கிடைப்பது, கிடைக்காமல் போவது, மறுபடி தேடுவது. விமர்சம் என்பது ஆசை காட்டியோ கோபத்தாலோ இடுக்கணாலோ வருகிற தடுமாற்றம். உங்கள் ஓட்டுநருக்குக் குழந்தை கிடைக்கிற இடம் கருப்பம். அதே கணத்தில் வேறு ஒன்று கையைவிட்டுப் போகிறது. "சொல்லாமல் இருந்துவிடலாமே" என்று மனம் ஆசை காட்டுகிறதே, அது விமர்சம். நீங்கள் கருப்பத்தோடு அறுவடையை முடித்துவிட்டீர்கள். கதிர் இன்னும் வெளியே வரவே இல்லை.


வாசிப்புக்குரல்:

உரைவிரும்பி, நன்றி. கிடைப்பது, கிடைக்காமல் போவது, மறுபடி தேடுவது. இதை என் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டிக்கொள்கிறேன்.

சிலம்பை எடுத்ததால் அதையே உதாரணமாகச் சொல்கிறேன். கோவலன் வெட்டுப்படுவது 16-ஆவது காதை. அதைவிடப் பெரிய சம்பவம் வேண்டுமா? ஆனாலும் உச்சம் அது இல்லை. 20-ஆவது காதையில் சிலம்பு உடைந்து உள்ளேயிருந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அரசன் "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். கள்வன் யார் என்ற கேள்வி கேட்டவன் மேலேயே திரும்பி விழுகிறது. தெரிந்துகொள்வதும் நிலை தலைகீழாவதும் ஒரே நொடியில் நடப்பதுதான் மிகச் சிறந்த கதைத் திருப்பம் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். அது இந்த வரியில் அப்படியே இருக்கிறது. மொத்தம் 30 காதை. உச்சத்துக்குப் பிறகு இன்னும் பத்துக் காதை. அது சரிந்து போகவில்லையே, ஏன்? நீதி கேட்டாயிற்று, சரி, கண்ணகியின் கோபம் எங்கே போய் நிற்கும், இவளை உலகம் என்னவாக நினைக்கப்போகிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

நீலமை, ஏற்றம் பற்றிக் கேட்டீர்கள். ஏற்றம் என்றால் சம்பவங்கள் மேலும் மேலும் பெரிதாவது என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு. ஏற்றம் என்றால் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவது. காலையில் அவருக்குப் பத்து வழி இருந்தால் மதியம் நான்கு இருக்க வேண்டும், சாயங்காலம் இரண்டுதான் இருக்க வேண்டும். அடைப்பவரும் அவராகவே இருந்தால் இன்னும் நல்லது.

அப்படிப் பார்த்தால் அந்தப் பகல் சும்மா இருக்கிற பகலா? பள்ளி வாசலில் ஆசிரியை கேட்பார், ஏன் இவ்வளவு தாமதம், மற்ற குழந்தைகள் எல்லாம் எப்போதோ வந்துவிட்டார்களே என்று. அவர் என்ன சொல்வார்? உண்மையைச் சொல்ல அதுதான் சுலபமான இடம். அந்த இடத்தில் அவர் வாயிலிருந்து, யோசிக்காமலே, "வீட்ல எழுந்திருக்க லேட்டாயிடுச்சாம்மா, அவங்க அம்மா தனியா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று வந்துவிடுகிறது. ஒரு வழி அடைந்தது. அது மட்டுமா, தன் தப்பைத் தூக்கி அந்த அம்மாவின் தலையில் வைத்துவிட்டார். அப்புறம் குழந்தை எல்லாரிடமும் "நானும் மாமாவும் ஒளிஞ்சு விளையாடினோம்" என்று சொல்ல ஆரம்பிப்பாள். அவர் குனிந்து அவள் காதில், "இது நம்ம ரெண்டு பேருக்கும் ரகசியம்" என்று சொல்வார். எனக்கு இதுதான் கதையிலேயே பயங்கரமான வரி. வேனைப் பூட்டியது மறதி. இது மறதி இல்லை. இதை வாசிக்கும்போது நான் குரலை உயர்த்தவே மாட்டேன், அவர் எவ்வளவு அன்பாகச் சொல்வாரோ அவ்வளவு அன்பாக வாசிப்பேன்.


நீலமை:

ரகசியம் என்ற வரியைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நன்றி அக்கா.

நேற்று இரவே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஒரு யோசனையும் வந்தது. அந்த ஆசிரியை குழந்தையின் டைரியில் "குழந்தையை நேரத்துக்கு எழுப்பி அனுப்பவும்" என்று எழுதிவிடுகிறார். அந்த டைரி பையில் இருக்கிறது. அம்மா எப்படியும் படிப்பாள். அதனால் அவர் சொல்லியே ஆகவேண்டிய நிலை. இது ஏற்றத்துக்கு உதவும்தானே?


வாசிப்புக்குரல்:

டைரி அருமை. ஆனால் "சொல்லியே ஆகவேண்டிய நிலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே கவனம். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து ஒருவர் உண்மையைச் சொன்னால் அது தீர்மானம் ஆகாது. உச்சத்தின் பாரம் முழுக்கப் போய்விடும்.

டைரியில் எழுதியிருப்பது அவருக்குத் தெரியக்கூடாது. வாசகருக்கு மட்டும் தெரியட்டும். ஆசிரியை எழுதி மூடி பைக்குள் வைப்பதை இரண்டு வரியில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாயங்காலம் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவரே படியேறி வருகிறார். தன் பொய் தன் தோளில் தொங்குவது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பதைக்கும். ஓரக்குறிப்பு சொன்னாரே, தப்பித்துவிடுவானோ என்கிற அந்தக் கடைசிப் பதற்றம், அதை இங்கே வைக்கலாம். அம்மா போனில் யாருடனோ பேசிக்கொண்டே கதவைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை மட்டும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். எதுவும் கேட்கவில்லை. அவர் இறங்கிப் போய்விடலாம். இரண்டு படி இறங்கியும் விடுகிறார். அப்புறம்தான் பின்னாலிருந்து அந்தக் கேள்வி.

காலையில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், சாயங்காலம் அவள். இதைச் சுட்டிக்காட்டி ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். கேட்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.


சிறுவரி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லாக் கதைக்கும் உச்சமும் தீர்மானமும் வேண்டும் என்பது போலப் பேச்சு போகிறது. ஜப்பானில் கி, ஷோ, டென், கெட்சு என்று நாலு கட்ட அமைப்பு ஒன்று உண்டு. சீன நாலுவரிக் கவிதையிலிருந்து வந்தது. தொடங்குவது, தொடர்வது, திரும்புவது, சேர்ப்பது. அங்கே பாடமாகச் சொல்லும் ஒரு பாட்டு இருக்கிறது. முதல் வரி, நூல் (தையல் இழை) வணிகரின் மகள்கள். இரண்டாவது, மூத்தவள் வயது இது, இளையவள் வயது இது. மூன்றாவது சம்பந்தமே இல்லாமல், நாட்டிலுள்ள பிரபுக்கள் வில்லம்பால் கொல்வார்கள். நான்காவது, நூல் வணிகரின் மகள்கள் கண்ணால் கொல்வார்கள். இதில் மோதலும் இல்லை, தீர்மானமும் இல்லை. மூன்றாவது வரி வேறு எங்கோ போய், நான்காவது இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. முழுக்கதையும் இந்த அமைப்பில் நிற்கும்.

நீலமையின் கதையையே இப்படி எழுதலாம். டாட்டாக்கள். மேலும் டாட்டாக்கள். பூட்டிய வேனுக்குள் குழந்தை தனியாக விளையாடும் காட்சி, ஓட்டுநரே இல்லாமல். அப்புறம் அடுத்த நாள் காலை டாட்டா. ஒப்புக்கொள்ளலே வேண்டாம்.


வாசிப்புக்குரல்:

சிறுவரி, நீங்கள் சொல்வது எனக்குச் சம்மதம். அப்படி எழுதின கதைகளை வாசிக்கும்போது என் பென்சிலுக்கு வேலையே இருக்காது. மூன்றாவது பகுதிக்கு முன்னால் நீளமாக ஒரு மௌனம் மட்டும் விடுவேன். பூட்டிய வேனுக்குள் குழந்தை விளையாடும் காட்சியை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் நீலமை எழுத நினைத்தது அந்தக் கதை இல்லை என்று எனக்குப் படுகிறது. அவருடைய முதல் வடிவத்திலேயே ஓட்டுநர் அழுகிறார், அப்புறம் தினமும் கடைசி இருக்கை வரை போய்ப் பார்க்கிறார். குற்ற உணர்வு உள்ளே இருக்கிறது, வெளியே வர வழி கிடைக்காமல் தவிக்கிறது. அந்த மனிதரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அமைப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கதையை அதற்குள் போடுவதைவிட, இந்த ஆளுக்கு எது பாக்கி இருக்கிறது என்று பார்த்தால் எந்த அமைப்பு என்று அதுவே காட்டும். தம்பி கையெழுத்துப் போட்ட கதையிலும் எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

முடிவு பற்றி ஒன்று, நீலமை. அரிஸ்டாட்டில் ஒரு கதையை முடிச்சு, அவிழ்ப்பு என்று இரண்டாகத்தான் பிரிக்கிறார். நிறையப் பேர் முடிச்சை நன்றாகப் போட்டுவிட்டு அவிழ்க்கும்போது சொதப்பிவிடுகிறார்கள் என்றும் அவரே வருத்தப்படுகிறார். ஓட்டுநர் ஒப்புக்கொண்டதும் அம்மா மன்னித்துவிட்டாள் என்று அவிழ்த்துவிடாதீர்கள். அவள் அறைந்தாள், போலீஸ் வந்தது என்றும் வேண்டாம். இரண்டுமே அவிழ்ப்பு இல்லை, அறுப்பு. அவர் கையில் குழந்தையின் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். அவள் அதை வாங்கிக்கொள்ளட்டும். எப்படி வாங்குகிறாள் என்று பாருங்கள், அதில் எல்லாம் இருக்கும்.


நீலமை:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். அறிமுகம் இப்போது ஒன்றரைப் பக்கம். பதினைந்து டாட்டாவில் ஆறுதான் வைத்தேன். கதவு திறப்பது நான்காம் பக்கத்தின் பாதியில். ஓட்டத்தை மூன்று பக்கத்திலிருந்து ஒரு பத்தியாகக் குறைத்தேன். வலித்தது, ஆனால் குறைத்த பிறகுதான் வேகமாக ஓடுகிறார்.

கடைசி இருக்கை வரை போய்ப் பார்க்கிற முடிவையும் எடுத்துவிட்டேன். வாசல் காட்சி மட்டும் இங்கே போடுகிறேன்:

"இரண்டு படி இறங்கியிருந்தார்.

'அண்ணே, இன்னிக்கு சமத்தா இருந்தாளா?'

தினமும் கேட்பதுதான். தலையை ஆட்டினால் போதும். அவர் திரும்பினார். பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருந்தது. காலையிலிருந்து அவள் குடிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தார்.

'அவ இன்னிக்கு எனக்கு டாட்டா சொல்லலம்மா' என்றார்."

இதற்கு அடுத்த வரி வரவில்லை. மூன்று நாளாக இங்கேயே நிற்கிறேன்.


வாசிப்புக்குரல்:

பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருந்தது. இதை நான் சொல்லவில்லை, நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். இப்போதுதான் வாய்விட்டுப் படித்தேன், டாட்டா என்ற சொல்லில் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

அடுத்த வரியை அவருக்குக் கொடுக்காதீர்கள், அம்மாவுக்குக் கொடுங்கள். அவளுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. அவள் குழந்தையைத்தான் திட்டுவாள்: "ஏண்டி, மாமாவுக்கு டாட்டா சொல்லலையா?"

அதற்குக் குழந்தை என்ன சொல்வாள் என்று யோசித்துப் பாருங்கள். அவளிடம்தான் ரகசியம் இருக்கிறது.